குழாயின் மேல்பாதி

கட்டை விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மகுடேஸ்வரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொண்டு, கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு தட்டுப்படும் இடத்தில் மறுபடி அழுத்தினாள். எடுத்தாள். பிசைந்து வைத்த மாவில் யாரோ விரல் வைத்துப் பார்த்த மாதிரி ஒரு பள்ளம், மூடிக்கொள்ள அவசரமே படாத பள்ளம். நேற்று இவ்வளவு ஆழம் இல்லை என்று ஒரு மனசு சொன்னது. நேற்று இதைவிட ஆழம், இன்றைக்குக் குறைந்திருக்கிறது என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டும் அவளுடைய மனசுதான் என்பதால் யாரை அதட்டி உட்கார வைப்பது என்று தெரியவில்லை. ராத்திரி முழுக்க நீட்டிப் படுத்த கால் காலையில் வடிந்திருக்க வேண்டும். வடியவில்லை. சரி, நீட்டியா படுத்தாள்? புரண்டாள், எழுந்து தண்ணீர் குடித்தாள், மின்விசிறியைக் குறைத்தாள், கூட்டினாள், காலைத் தலையணைமேல் வைத்தாள், தலையணை தலைக்கு வேண்டியிருந்ததால் திரும்ப எடுத்துக்கொண்டாள். எழுந்து கண்ணாடிக்குப் போனாள். கால் வீங்கினால் மாத்திரை, முகம் வீங்கினால் சிறுநீரகம் என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். எந்தப் புத்தகமும் இவ்வளவு தைரியமாகச் சொல்லாது. இமைகள் கொஞ்சம் தடித்துத்தான் இருந்தன. தூங்காத எவளுக்குத்தான் இமை தடிக்காது? கன்னத்தைக் கிள்ளினாள், விட்டாள். சிவந்தது, அவ்வளவுதான். கண்ணாடிக்குள் இருந்தவள் வாயைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, பேராசிரியை இப்படியா நிற்பாள் என்று வாயை மூடிக்கொண்டாள்.

வெளியே முட்டை வண்டி பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டது. அவள் கணவன் சென்னியப்பன் "வரட்டும், வரட்டும், இன்னுங் கொஞ்சம் வரட்டும்" என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நாமக்கல்லுக்கு வெளியே, வீட்டுக்குப் பின்னாலேயே அவனுடைய கோழிப்பண்ணை. காற்று திரும்பினால் வீடு முழுக்கத் தீவன வாசனை. கல்யாணமான புதிதில் அந்த வாசனையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, இப்போது கல்லூரிக்குப் போய் அந்த வாசனை இல்லாவிட்டால்தான் என்னவோ போல இருக்கிறது. எல்லாமே பழகிவிடுகிறது. காலையில் எழுந்ததும் முதல் மூத்திரத்தை டப்பாவில் பிடித்து வைப்பதும், சோதனைக் குழாயில் முக்கால்வாசி ஊற்றி, குழாயின் அடியை விரலால் பிடித்துச் சாய்த்து, மேல்பாதியை மட்டும் நெருப்பில் காட்டுவதும் பல் தேய்ப்பது மாதிரி பழகிவிட்டது. தெளிவாக இருந்தால் அன்றைய நாள் அவளுடையது. மேல்பாதி வெளுத்தால் சல்லடை ஓட்டை, ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் ஒழுகிப் போகிறது என்று அர்த்தம். முதல் தடவை நோய் வந்தபோது வெளுக்கக்கூட இல்லை, கெட்டிப்பட்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் காய்ச்சிக் காட்டியபோது சென்னியப்பன் குனிந்து பார்த்துவிட்டு, "முட்டை வெள்ளை மாதிரியே இருக்குதுங்களே" என்றான். "முட்டை வெள்ளையில இருக்கிற ஜாதிதாங்க" என்றாள் நர்ஸ். ஆயிரக்கணக்கான முட்டைகளுக்கு நடுவில் வாழ்கிறவன் அன்றிலிருந்து ஒரு மாசம் முட்டையைத் தட்டில் தொடவில்லை. அவளும் கேட்கவில்லை. கல்லூரி விளையாட்டு விழாவன்று காலையில் செருப்புக்குள் கால் நுழையாமல் போனதும், மத்தியானத்துக்குள் கண் இரண்டும் கோடாகிப் போனதும், மாணவிகள் "மேடம், தேனீ கொட்டிருச்சா?" என்று சுற்றி நின்றதும், எல்லாம் அந்த வாரம்தான். இப்போது குழாயில் ஊற்றி வைத்தாகிவிட்டது. பின்பக்க வராந்தாவில், ஒற்றை பர்னர் அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னல் கட்டையில் சாய்ந்து அது நிற்கிறது. போய்க் காய்ச்ச வேண்டியதுதான் பாக்கி. கால் போகவில்லை.

"ஏம்புள்ள, காப்பி ஆச்சா?" வெளியிலிருந்து சென்னியப்பன் குரல்.

"அடுப்புல இருக்குதுங்க" என்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பாலை எடுத்து வைத்தாள். பால் பொங்குகிற வரைக்கும் பாலைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அவள் பாடம் நடத்துகிற மருந்தியல் கல்லூரியில் பத்து வருஷமாக அவளுக்கென்றே ஒதுக்கிய பாடம் கால்சியம் வாசல்கள். கால்சியம் சேனல் என்று புத்தகம் சொல்லும், அவள் வாசல் என்றுதான் சொல்வாள். பின் பெஞ்சுக்கும் புரிய வேண்டுமே. ஒவ்வொரு செல்லின் தோலிலும் வாசல் உண்டு, வாசல் திறந்தால் கால்சியம் உள்ளே போகும், போனால் செல் ஒரு காரியம் செய்யும். ரத்தக் குழாயின் தசையாக இருந்தால் இறுகும். எதிர்ப்பு சக்தியின் காவல் செல்லாக இருந்தால் விழித்துக்கொள்ளும், கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பும். யாரை அடிப்பது என்று அதற்குச் சரியாகத் தெரிந்தவரைக்கும் நல்லது. அவள் உடம்பில் அதற்குப் புத்தி பிசகியது. சொந்தச் சிறுநீரகத்துக்கே வினையாகிவிட்டது. டாக்டர் பத்மஜா இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டி, "உன் சிறுநீரகச் சல்லடை இப்படித்தான், மகுடேஸ்வரி, செல்லுங்க விரலை விரலோட கோத்துக்கிட்டு நிக்குது, அதுகளுக்கும் கால்சியம் வாசல் இருக்கு, தாறுமாறாத் திறந்தா விரல் தட்டையாயிடும், கோப்பு விட்டுடும்" என்று சொன்னபோது, இதைத் தான் ஏன் வகுப்பில் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பயம் அப்புறம், பஸ்ஸில் வரும்போது வந்தது. தினமும் போடுகிற மாத்திரை அந்தக் காவல் செல்லின் காதில் கால்சியம் சொல்கிற சேதி விழாமல் பார்த்துக்கொள்கிறது. விழித்தாலும் எழுந்திருக்காது. அதன் தயவில்தான் ரொம்ப நாளாகக் குழாய் தெளிவாக இருந்தது, அதனால்தான் போன மாசம் டாக்டர் பத்மஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "இனிமே நீங்க குழந்தைக்கு முயற்சி பண்ணலாம்" என்றார். சென்னியப்பன் "அப்படீங்களா" என்றான். வெளியே வந்து இளநீர் வாங்கிக் கொடுத்தான், அவள் குடித்து முடிக்கிறவரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பால் பொங்கப் பார்த்தது, குறைத்தாள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். முன்பு போட்ட ரத்த அழுத்த மாத்திரை சல்லடைக்கும் காவல், ஆனால் கருவுக்கு ஆகாது. அதை நிறுத்திவிட்டு வேறு ஒன்று எழுதினார் டாக்டர், ரத்தக் குழாயின் கால்சியம் வாசலை மூடுகிற ஜாதி, கருவுக்குப் பரவாயில்லை. கூடவே எலும்புக்கும் வரப்போகிறவருக்குமாகச் சேர்த்துக் கால்சியம் மாத்திரை. சென்னியப்பனுக்கு அதில் ஒரே சிரிப்பு. முட்டை ஓடு ராத்திரியில்தான் கட்டும் என்பதால் கோழிகளுக்குச் சாயங்காலத் தீவனத்தில் கிளிஞ்சல் தூள் போடுவான்; "அதுகளுக்குச் சாயந்தரம் கிளிஞ்சலு, உனக்கு ராத்திரி மாத்திரை, எல்லாம் ஒரே ஷெட்டுதான்" என்றான். சிரிக்கத்தான் செய்தாள். அப்புறம் கால் வீங்க ஆரம்பித்தது. வாசல் மூடுகிற மாத்திரைக்குக் கால் வீங்கும். ரத்தக் குழாய் தளர்ந்து தண்ணீர் கீழே கசியும். பக்கவிளைவுப் பட்டியலில் அவளே கோடு போட்டுக் காட்டுகிற விஷயம். சல்லடை கிழிந்தாலும் கால் வீங்கும். சல்லடைக்குக் காவலாக இருந்த மாத்திரையை நிறுத்திய நேரம் பார்த்து அது கிழிந்திருக்கவும் கூடும். ஒருவேளை புது மாத்திரை சிறுநீரகத்தின் வாசலையும் சேர்த்து மூடி நல்லது செய்யுமோ என்று நடுவில் ஆசைப்பட்டுப் பார்த்தாள். செய்யாது. அது வேறு பூட்டு, இந்தச் சாவி அதில் நுழையாது. போன வருஷம் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேடம், கால் வீங்குனா நோயாலயா மருந்தாலயான்னு எப்படிங்க மேடம் கண்டுபிடிக்கிறது?" அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொன்னாள்? நிறுத்திப் பார், வடிந்தால் மருந்து, வடியாவிட்டால் நோய். எவ்வளவு சுலபம்! அதைத்தான் செய்தாள். முந்தாநாளிலிருந்து யாரிடமும் சொல்லாமல் புது மாத்திரையை நிறுத்திவிட்டாள், டாக்டரிடமும் சொல்லவில்லை, காலையில் காய்ச்சுவதையும் நிறுத்திவிட்டாள், கால் எப்படியும் சொல்லிவிடுமே என்று. கால் வடியவில்லை. ஆகவே நோய். ஆகவே திரும்ப ஸ்டீராய்டு, அது ஊத வைக்கிற நிலா மாதிரி முகம், பிள்ளை இல்லை.

பாலில் டிகாக்‌ஷனை ஊற்றும்போது கை நின்றது. அந்த மாத்திரையின் பாதி உடம்பைவிட்டுப் போகவே இரண்டு நாள் போல ஆகும். மொத்தமும் போக ஒரு வாரத்துக்கு மேல். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் யார்? மகுடேஸ்வரி. தேர்வில் தப்பாக எழுதியவர்களுக்கு மார்க்கைக் குறைத்தவள் யார்? மகுடேஸ்வரி. முந்தாநாள் நிறுத்திய மாத்திரை இன்னும் ரத்தத்துக்குள் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது, கால் எப்படி வடியும்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளாக ஒரு முட்டாள் சோதனையை நம்பி மனசுக்குள் குழந்தையைப் பெற்று, தொலைத்து, துக்கமும் கொண்டாடி முடித்துவிட்டாள். சரி, அப்படியானால் நோய் இல்லையா? அதுவும் தெரியாது. வடியாததால் நோய் என்பதும் இல்லை, மருந்து என்பதும் இல்லை. சுற்றிச் சுற்றி வந்து அந்தக் குழாயிடமே நிற்க வேண்டியிருக்கிறது. காய்ச்சாமல் இருந்த இரண்டு காலையும் சென்னியப்பன் எட்டிப் பார்த்து "சரியா இருக்குதா?" என்றான், அவள் "இருக்குதுங்க" என்றாள். அவன் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவன் இல்லை. பிள்ளை வேண்டும் என்றோ, வேண்டாம் என்றோ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து வந்த மறுநாள் வெல்டரைக் கூப்பிட்டு மாடிக் கைப்பிடியின் கம்பிகளுக்கு நடுவில் இன்னும் ஒவ்வொரு கம்பி சேர்க்கச் சொன்னான். எதற்கு என்றால் பூனை நுழைகிறதாம். இந்த வீட்டுப் பூனைக்குத் தலை அவ்வளவு பெரிசா? அவன் வெல்டரிடம் விரல் விரித்துக் காட்டிய இடைவெளி எந்தத் தலைக்கு என்று அவளுக்குத் தெரியாதா? அவனிடம் போய்க் குழாய் வெளுத்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது. அவளுக்குத் தன் உடம்பின்மேல் கோபம் வந்தது. வாசல்களை வைத்துக்கொண்டு ஒழுங்காகத் திறந்து மூடத் தெரியாத உடம்பு. காப்பியை மூடி வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள்.

பர்னரைப் பற்ற வைத்தாள். நீல நெருப்பு, காற்றுக்கு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. குழாயின் அடியைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தாள், வெதுவெதுப்பாக இருந்தது, தன் உடம்பின் சூடே இன்னும் போகவில்லை. சாய்த்து மேல்பாதியைக் காட்டினாள். வாய்ப்பக்கம் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டாள். மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம், இங்கே சுவர்தான் இருந்தது. முதலில் சிறு குமிழ்கள் கண்ணாடியில் ஒட்டின. அப்புறம் ஒரு நடுக்கம். மேல்பாதி கொதிக்க ஆரம்பித்தது, கீழ்பாதி இதெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோலச் சும்மா இருந்தது. தெளிவு, தெளிவு, இன்னும் தெளிவு. மூச்சை விட்டாள். விட்ட மூச்சோடு சேர்ந்து வந்த மாதிரி மேல்பாதியில் ஒரு மங்கல் எழும்பியது. கண்ணில் தண்ணீராக இருக்கும் என்று இமைத்தாள். இமைத்த பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி, மேலே மட்டும் வெளுப்பு. கீழே மஞ்சள் தெளிவு. நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி. அவள் அடுப்பை அணைத்தாள். குழாயைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. ஓ, இவ்வளவுதானா, என்கிற ஒரு வறட்சிதான் வந்தது. வண்டியில் அட்டை அட்டையாக முட்டை ஏறிக்கொண்டிருந்தது.

"காப்பி எங்கடான்னு பார்த்தா, இங்க என்ன..." என்று வந்த சென்னியப்பன் குழாயைப் பார்த்தான். அவன் சட்டையில் தீவனத் தூள். குனிந்து பார்த்தான், ஆஸ்பத்திரியில் குனிந்த அதே குனிதல். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"நம்முளுக்குப் புள்ளையே வேண்டாம் மகுடி. நாளைக்கே டாக்டரம்மாகிட்டப் போயி அந்தப் பழைய மாத்திரையவே குடுக்கச் சொல்லீரலாம். நீ நல்லாருந்தாப் போதும்."

"இருங்க, இன்னும் முடியலைங்க, வினிகரு..."

"அதான் தெரியுதே புள்ள. விடு. அதுக்காக அழுதுகிட்டு நிக்காத. நீ இருந்தாப் போதும்னு சொல்லீட்டனல்ல." அவள் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு, காப்பியை மறந்து, வண்டிப் பக்கம் போய்விட்டான்.

எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டான். ஒரு பக்கெட் வாங்கக் கடைக்குப் போனால் நீலமா பச்சையா என்று அரை மணி நேரம் நிற்கிற மனுஷன், எங்கேயும் தடுக்காமல், ஒரு வார்த்தைகூடத் தேடாமல் சொல்லிவிட்டுப் போகிறான். அப்படியானால் அது இப்போது முளைத்த பேச்சு இல்லை. எப்போதோ தயார் செய்து வைத்துக்கொண்டு, தினமும் காலையில் "சரியா இருக்குதா" என்று எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். வெல்டரிடம் விரல் விரித்துக் காட்டிய அன்றும் அது அவனிடம் இருந்திருக்கும். அவளுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. அதோடு ஒரு கோபமும் வந்தது, யாரைக் கேட்டுப் பிள்ளையை வேண்டாம் என்றான், அவள் வேண்டாம் என்றாளா? மூக்கை உறிஞ்சிக்கொண்டு வினிகர் பாட்டிலை எடுத்தாள். மேல்பாதி வெளுத்தால் சில சொட்டு வினிகர் விட்டுப் பார்த்த பிறகுதான் முடிவு என்பது முறை. புரதமாக இருந்தால் வினிகருக்கு அசையாது. வெறும் கால்சிய உப்பாக இருந்தால் கரைந்துவிடும். ஆனால் நோய் வந்த காலத்தில் எத்தனை சொட்டு விட்டும் இந்த வீட்டில் ஒரு நாளும் ஒன்றும் கரைந்ததில்லை; அதற்கப்புறம் வெளுத்ததே இல்லாததால் பாட்டில் வெங்காய ஊறுகாய்க்குத்தான் பயன்பட்டது. நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. சோதனையை முடிக்காமல் முடிவை எழுதினால் பத்து மார்க் போய்விடும் என்று தானே பயமுறுத்தி வைத்திருக்கிறோம் என்பதற்காக ஊற்றினாள். ஒரு சொட்டு. ஒன்றும் இல்லை. இன்னொரு சொட்டு. புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. இன்னொன்று, அது இரண்டாக விழுந்தது. லேசாகக் குலுக்கினாள். வெளுப்பு ஓரத்தில் விலகியது, நடுவில் விலகியது. பிறகு விலகுவதற்கு ஒன்றும் இல்லை. மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவில் இருந்த கோட்டைத் தேடினாள். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துத் தேடினாள், காணவில்லை. குழாய்க்குப் பின்னால் இருந்த வேப்பமரம் இடம்வலம் மாறித் தெரிந்தது, இலை இலையாகத் தெரிந்தது. ராத்திரி போட்ட கால்சியம் மாத்திரையின் மிச்சம், அவ்வளவுதான். வடியாத கால், வாசல் மூடுகிற மாத்திரையின் கால். சல்லடை விரல் கோத்துக்கொண்டுதான் நிற்கிறது.

வண்டிப் பக்கம் அவள் ஓடியது வீங்கிய காலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஓட்டம். இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான், அவளைப் பார்த்ததும் கயிறு கையைவிட்டு நழுவியது.

"கரைஞ்சிருச்சுங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "அது புரதம் இல்லீங்க. கால்சியம். வினிகரு விட்டதும் போயிருச்சு."

"வினிகரு ஊத்துனா புரதமுந்தான் கரைஞ்சிருக்கும்."

"கரையாதுங்க. அதுதான் சோதனையே. அந்தப் புது மாத்திரைய நாந்தான் ரெண்டு நாளா நிறுத்தீருந்தேன், அது வேற கூத்து, அதையப் பொறவு சொல்றேன், திட்டுங்க. ஆனா இது சுத்தமா இருக்குதுங்க."

அவன் திட்டவில்லை. அவள் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குழாயை வாங்கினான். ஒரு கையால் வாங்கினான், பிறகு இன்னொரு கையும் வந்து சேர்ந்துகொண்டது. கிழக்குப் பக்கம் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். சென்னியப்பன் திரும்பாமலே "இருய்யா" என்று கத்தினான், அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. புள்ளையே வேண்டாம்னீங்களே என்று கேட்க வாயெடுத்தவள், குழாய்க்குள் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து விட்டுவிட்டாள்.

"டப்பாவுல மிச்சம் இருக்குதா?" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை.

"இருக்குதுங்க."

"வா. இன்னொருக்கா காய்ச்சு. என்ற கண்ணு முன்னால காய்ச்சு."